முதல் ஞாயிறு, மாலை நான்கு மணி



உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம், டவுனில் வங்கி வேலை, வயது 43. கோயிலுக்குப் போவதை நிறுத்திப் பன்னிரண்டு வருடம். ஊர்க் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி கொடுப்பதை நிறுத்தி நான்கு வருடம். போன புரட்டாசியில் அப்பா தவறினார். மூத்த மகன் நீங்கள். கொள்ளி வைக்க மாட்டேன், மொட்டை போட மாட்டேன் என்று சொல்லிவிட்டீர்கள். உங்களுக்கு இளையவர் எல்லாவற்றையும் செய்தார். துட்டி கேட்க வந்தவர்கள் அவர் கையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பதினாறாம் நாள் உங்களை எங்கே உட்காரவைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. நீங்களாகவே தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு பந்தி முடியும்வரை ஊற்றிக்கொண்டே நின்றீர்கள்.

“கடவுள் இல்லை என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை அம்மா. ஆனால் எனக்கு இப்போது யாருமில்லை. எதற்காக இருக்கிறோம் என்றும் தெரியவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு வயது மகள், தாத்தா எங்கே போனார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள், என்ன சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் சாமி கும்பிடாமல் நாற்பது வருடம் வாழ்ந்துவிட்ட ஆசிரியை. 2012-இல் கணவரை இழந்த பிறகு, நீங்கள் இப்போது நிற்கும் இடத்தில் நானும் ஒன்றரை வருடம் நின்றேன். அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தனிமைக்குப் பயந்து நம்பாத சாமியைக் கும்பிட வேண்டாம். அது உங்களுக்கும் மரியாதையில்லை, மனமுருகிக் கும்பிடுகிறவர்களுக்கும் மரியாதையில்லை.

உங்கள் அம்மா பிரதோஷம் தவறாமல் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை நீங்களே வண்டியில் கூட்டிக்கொண்டு போங்கள். உள்ளே போக வேண்டாம், வாசலில் நின்று பாருங்கள். மாதம் இரண்டு நாள், மாலை நாலரைக்கும் ஆறுக்கும் நடுவில், யாரும் யாரையும் ஃபோனில் கூப்பிடாமலே முப்பது நாற்பது பேர் வந்து சேர்வார்கள். வில்வம் பறித்துக்கொண்டு வருகிறவர் ஒருவர், அபிஷேகத்துக்குப் பால் கொண்டுவருகிறவர் ஒருவர், தொன்னையில் பிரசாதம் எடுத்துக் கொடுப்பவர் ஒருவர். உங்கள் அம்மா ஒரு பிரதோஷத்துக்கு வரவில்லையென்றால் மறுநாள் காலை வீட்டு வாசலில் ஒரு குரல் கேட்கும்: “என்னக்கா, முட்டுவலியா?” கத்தோலிக்கர்களிடம் அன்பியக் கூட்டம் இருக்கிறது, தெருவுக்கு ஒரு குழுவாக வீடு வீடாகக் கூடுகிறார்கள். இஸ்லாமியர்களுக்கு ஜும்மா. நீங்கள் நம்பிக்கையை விட்டபோது, கூடவே இந்தத் தேதிகளும் போய்விட்டன. நம்பிக்கை போனதற்கு நீங்கள் வருத்தப்படவில்லை. தேதிகள் போனதைத்தான் உடம்பும் மனசும் தாங்கவில்லை. உங்கள் கடிதம் முழுக்க எனக்குத் தெரிந்தது அதுதான்.

இது என் அனுமானம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ராபர்ட் புட்னம், சேயூன் லிம் என்ற இரு சமூக ஆய்வாளர்கள் இதைத் தேடிப் பார்த்து 2010-இல் எழுதினார்கள். தேவாலயத்துக்கு ஒழுங்காகப் போகிறவர்கள் தங்கள் வாழ்க்கையில் கூடுதல் நிறைவாக இருப்பதாகச் சொல்கிறார்கள். அது ஏன் என்பது கேள்வி. கிடைத்த பதில்: அங்கே அவர்களுக்கு நெருங்கிய நண்பர்கள் இருக்கிறார்கள் என்பதால். வாராவாரம் போயும் அங்கே நண்பர் என்று ஒருவரும் இல்லாதவர்களுக்கு அந்தக் கூடுதல் நிறைவு கிடைக்கவில்லை. தனியாக உட்கார்ந்து ஜெபிப்பதும் அதைத் தரவில்லை.

பழைய ஆட்களுக்கு இது தெரிந்திருந்தது. 2,300 வருடங்களுக்கு முன் ஏதென்ஸில் எபிகூரஸ் என்ற தத்துவஞானி ஒரு தோட்டத்தில் நண்பர்களோடு வாழ்ந்தார். தேவர்கள் இருந்தாலும் மனிதர் விவகாரத்தில் தலையிடுவதில்லை, செத்தபின் நமக்கு ஒன்றுமில்லை என்று சொன்னவர். அந்தத் தோட்டத்தில் பெண்களும் அடிமைகளும்கூட இருந்தார்கள். தன் உயிலில் அவர் எழுதிவைத்தவற்றில் ஒன்று, மாதம் 20-ஆம் தேதி எல்லோரும் கூட வேண்டும் என்பது. அந்தத் தேதியை வைத்தே அவர்களுக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. நம் பக்கத்து ஆந்திராவில் கோரா என்று அறியப்பட்ட கோபராஜு ராமச்சந்திர ராவ் 1940-இல் முதுனூர் கிராமத்தில் நாத்திக மையத்தைத் தொடங்கினார். 1947-இல் அது விஜயவாடாவுக்கு மாறியது. நாத்திகம் பேசியதற்காகத் தாவரவியல் விரிவுரையாளர் வேலையை இழந்தவர் அவர். அவர்கள் முழுநிலா நாள்களில் எல்லாச் சாதியாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் விருந்து வைத்தார்கள். பௌர்ணமியை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை அல்லவா.

ஆகவே தம்பி, ஒரு தேதி குறியுங்கள். நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான். எதற்கு என்று பிறகு யோசிக்கலாம்.

எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். 2014-இல் திண்டுக்கல்லில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வட்டம் தொடங்கினோம். தொடங்கிய விதம் தப்பு. ‘கடவுள் உண்டா, இல்லையா’ என்று தலைப்பு வைத்தோம். முதல் கூட்டத்துக்குப் பதினான்கு பேர், மூன்றாவது மாதம் நான்கு பேர். வந்த நால்வரும் அறுபது வயது தாண்டிய ஆண்கள். ஒவ்வொருவரிடமும் மனப்பாடமாக ஒரு பேச்சு இருந்தது. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த விடையைக் கேட்க மாதாமாதம் யார் வருவார்கள்? ஒரு பெண் என்னிடம் தனியாகச் சொன்னார்: “டீச்சர், என் மாமியார் படுத்த படுக்கை. கடவுள் இல்லைன்னு எனக்குத் தெரியும். ராத்திரி ரெண்டு மணிக்குத் திருப்பிப் படுக்கவைக்க ஆள் வேணும், அது யாருன்னு சொல்லுங்க.” அந்த வாக்கியத்தில்தான் எங்கள் வட்டம் மறுபடி பிறந்தது.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு, மாலை நான்கு மணி. மழையோ தேர்தலோ தேதி மாறாது. தேதியை ஒருமுறை மாற்றினால் பத்துப் பேருக்கு ஃபோன் பண்ண வேண்டும், இரண்டாம் முறை மாற்றினால் கூட்டம் செத்துவிடும். யாராவது ஒருவர் ஒரு சிறுகதையைச் சத்தமாக வாசிப்பார். புதுமைப்பித்தன், அசோகமித்திரன், அம்பை, பூமணி என்று சுற்றி வருவோம். அதைப் பற்றி அரை மணி நேரம் பேச்சு. பிறகு நோட்டை எடுப்போம். அந்த நோட்டு முக்கியம். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு எந்தத் தேதியில் ஆஸ்பத்திரி, யார் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று எழுதி, எதிரே யார் பொறுப்பு என்று பெயர் எழுதுவோம். கடைசியில் சுக்குக் காபி, சுண்டல். சுண்டல் முறைவைத்து வருகிறது. இந்த மாதம் சமைத்தவர் பெண் என்றால் அடுத்த மாதம் ஆண். இதை முதல் நாளே பேசி முடிவுசெய்யுங்கள். பெண்கள் சுண்டல் தாளிக்கவும் ஆண்கள் சமத்துவம் பேசவும் கூடுகிற இடத்துக்கு இரண்டாம் மாதம் பெண்கள் வர மாட்டார்கள், வரவும் வேண்டாம். சாதியையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். வட்டத்தில் இருக்கும் எல்லோரும் ஒரே சாதியாக இருந்தால், கூட்டத்தைத் தெரு மாற்றி வைத்துப் பாருங்கள். பகுத்தறிவு பேசுகிறவர்கள் என்பதாலேயே அது தானாகச் சரியாகிவிடாது.

வராதவரை இரண்டு நாளுக்குள் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஒரே சட்டம். ஃபோன் போதாது.

இடத்துக்குச் சிரமப்பட வேண்டாம். அரசுப் பொது நூலகங்களில் வாசகர் வட்டம் உண்டு. உங்கள் கிளை நூலகரிடம் கேளுங்கள், பல ஊர்களில் பெயரளவில் இருக்கும் வட்டத்துக்கு ஆள் கிடைத்தால் அவர்களுக்கே மகிழ்ச்சி. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் கிளை பக்கத்தில் இருந்தால் பிள்ளைகளுக்கான துளிர் இல்லத்துக்கு மகளை அனுப்பலாம், கூடவே நீங்களும் போகலாம். பகுத்தறிவாளர் கழகம், பெரியார் இயக்கங்கள் எதிலாவது சேர விருப்பமிருந்தால் தாராளமாகச் சேருங்கள். என் தலைமுறைக்கு வாய் கொடுத்தவை அவை. ஆனால் இயக்கத்தில் உங்களுக்குத் தோழர்கள் கிடைப்பார்கள், போராட்டம் கிடைக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு வர, தெருவுக்குள் நாலு பேர் தனியாக வேண்டும்.

அந்த நாலு பேரும் நாத்திகராக இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். எங்கள் வட்டத்தில் இன்று பதினேழு பேர். என்னைப் போல் முழுமையாக மறுப்பவர்கள் ஆறு பேர் இருப்போம். ஒருவர் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போகிறார், இரண்டு பேர் சபரிமலைக்கு மாலை போடுகிறார்கள். யாரையும் வாசலில் நிறுத்திக் கேட்பதில்லை. மனம்விட்டுப் பேச உங்கள் கருத்துள்ளவர் ஒருவரோ இருவரோ போதும்.

கூட்டத்தின் உருவமும் இரண்டாம்பட்சம்தான். லண்டனில் 2013 ஜனவரியில் நகைச்சுவைக் கலைஞர்கள் இருவர் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் ‘ஞாயிறு சபை’ என்று தொடங்கினார்கள். கடவுள் இல்லாத வழிபாடு. பாட்டு, பேச்சு, தேநீர். பல நாடுகளில் கிளைகள் முளைத்தன, சில ஆண்டுகளில் அவற்றில் பல நின்றும்போயின. தேவாலயத்தின் உருவத்தை அப்படியே எடுத்துக்கொண்டதைவிட, தேவாலயத்தார் சாவுக்கும் சீக்குக்கும் போய் நிற்பதை எடுத்துக்கொண்டிருந்தால் இன்னும் வேரூன்றியிருக்கும் என்பது என் எண்ணம்.

எதற்காக இருக்கிறோம் என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். அதற்குப் பெரிய பதில் ஒன்றை வானத்திலிருந்து யாராவது கொடுத்தால்தான் ஆயிற்று என்பது மதம் நமக்குப் பழக்கிவிட்ட எதிர்பார்ப்பு. மதத்தை விட்டபிறகும் அந்த எதிர்பார்ப்பை மட்டும் சுமந்துகொண்டு திரிகிறோம். பகத்சிங் 1930-இல் லாகூர் சிறையில், தூக்குக் கயிறு நிச்சயம் என்று தெரிந்த நிலையில், தான் ஏன் நாத்திகன் என்று எழுதினார். நம்பிக்கை இருந்தால் துன்பம் இலேசாகும், ஆறுதலுக்கு ஆதாரமாகும் என்பதை அவர் அதில் மறைக்கவில்லை. அதை ஒப்புக்கொண்டுதான் தன் காலில் நின்றார். பொதுவுடைமைத் தலைவர் ஜீவா அதைத் தமிழில் மொழிபெயர்த்தார். அதற்காகச் சிறைக்கும் போனார். அதைத் தேடிப் படியுங்கள். உங்கள் வருத்தம் உங்கள் கொள்கையின் தோல்வி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அந்த நினைப்பு போகும்.

ஆனால் படித்தால் மட்டும் போதாது. பொருள் என்பது யோசித்துக் கண்டுபிடிக்கிற வகையைச் சேர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை. யாரோ ஒருவருக்கு நாம் வந்தே ஆக வேண்டும் என்ற நிலை இருக்கும் நாளில் அந்தக் கேள்வி எழுவதேயில்லை. பதினாறாம் நாள் பந்தியில் நீங்கள் தண்ணீர் ஊற்றினீர்களே, அந்த இரண்டு மணி நேரம் உங்களுக்கு எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். கடிதத்தில் அந்த இடத்தில் மட்டும் புலம்பல் இல்லை. யார் இலைக்கு இரண்டாம் முறை ஊற்றினீர்கள் என்பதுவரை எழுதியிருக்கிறீர்கள்.

கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள அக்கம்பக்கத்தாரே சேர்ந்த வலி தணிப்புக் குழுக்கள் உண்டு. 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் தொடங்கிய வேலை பிறகு ஊர்க்காரர்கள் கைக்கு வந்தது. வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும். பதினாறு மணி நேர வகுப்பும், கூடப் போய்ப் பார்த்துக் கற்கும் நாலு நாளும் பயிற்சி. நாங்கள் அதைப் பார்த்துத்தான் சின்ன அளவில் செய்கிறோம். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைத் திருப்புவது எப்படி என்று ஒரு செவிலியர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். தலையணையை முழங்கால்களுக்கு நடுவில் வைக்க வேண்டும், குதிகால் மெத்தையில் படக் கூடாது, விரிப்பைப் பிடித்து இழுக்காமல் இரண்டு பேராகத் தூக்கித் திருப்ப வேண்டும். அந்த மாமியாரை எட்டு மாதம் முறைவைத்துத் திருப்பினோம். அவர் கடைசிவரை முருகா முருகா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களில் யாருக்கும் அது இடைஞ்சலாக இல்லை.

படுக்கைப் பணி எல்லோருக்கும் ஒத்துவராது. ரத்தம் கொடுங்கள், ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. அதுவும் ஒரு தேதிதான். அல்லது நீங்கள் வங்கிக்காரர்: முதியோர் உதவித்தொகைக்காக அலைகிற பாட்டிகளுக்குக் கணக்கு விவரம் சரிபார்த்து, படிவம் நிரப்பிக் கொடுக்க மாதம் ஒரு சனிக்கிழமை உங்கள் ஊர்ச் சாவடியில் உட்காருங்கள். உங்கள் ஊருக்கு நீங்கள் திரும்பிப் போகும் வழி அது என்றே எனக்குப் படுகிறது.

ஊர் என்றதும் வரி. இதில் என்னோடு கொள்கைக்காரர்கள் பலர் சண்டைக்கு வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். தலைக்கட்டு வரியைக் கொடுங்கள். உங்கள் பக்கத்துக் கிராமங்களில் அந்த வரிநோட்டில் பெயர் இருப்பதுதான் ஊரில் இருப்பது. கொடைக்குச் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வருகிறார்களே, அத்தனை பேரும் சாமியைப் பார்க்கவா வருகிறார்கள்? கூடப் படித்தவனைப் பார்க்க வருகிறார்கள், வில்லுப்பாட்டுக் கேட்க வருகிறார்கள். ஊர்ப் பெரியவரிடம் நேராகப் போங்கள். “மாமா, நான் கும்பிட மாட்டேன், ஆனா என் வரியை எழுதிக்கோங்க. அன்னதானப் பந்தியில பரிமாற என்னைப் போடுங்க” என்று சொல்லுங்கள். நான்கு வருடப் பாக்கியையும் சேர்த்துக் கொடுத்தால் நல்லது. ஒரே ஒரு நிபந்தனை. அந்தக் கோயிலில் ஒரு தெருக்காரரை உள்ளே விடுவதில்லை என்றாலோ, அவர்களிடம் வரி வாங்குவதில்லை என்றாலோ, ஒரு பைசா கொடுக்காதீர்கள். ஏன் கொடுக்கவில்லை என்பதையும் ஊர்க்கூட்டத்தில் சொல்லுங்கள். அப்போது ஊரை இழந்தாலும் அது இழக்க வேண்டிய ஊர்தான்.

வீட்டில் உங்கள் மனைவி சாமி கும்பிடுகிறவர் என்று ஒரு வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள். செவ்வாய், வெள்ளி விளக்கேற்றும்போது நீங்கள் செய்தித்தாளைச் சத்தமாகப் புரட்டுகிறவராக இருந்தால் அதை நிறுத்துங்கள். கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் செருப்பைப் பார்த்துக்கொண்டு வெளியே நின்றால் கொள்கை தேய்ந்துவிடாது. மகளுக்கு இருவரும் அவரவர் நினைப்பதைச் சொல்லலாம். ஒருவர் மற்றவரைக் கேலி செய்யாமல் சொன்னால் போதும். பொங்கலை மூவரும் சேர்ந்து வையுங்கள்.

அப்பாவின் சாவு உங்களுக்கு இன்னும் முடியவில்லை. இளையவருக்குப் பதினாறாம் நாளோடு ஒரு வாசல் சாத்தப்பட்டது, உங்களுக்குச் சாத்தப்படவில்லை. சடங்கு வேண்டாம் என்றீர்கள், அதன் இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை. நம் ஊரில் அதற்கு ஒரு வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது: படத்திறப்பு. சுயமரியாதைக்காரர்களும் பொதுவுடைமைக்காரர்களும் தலைமுறைகளாகச் செய்துவருவது. முதலாண்டு நினைவு நாளுக்கு வையுங்கள். இப்போதே தேதி குறித்துவிடலாம்.

நான் பார்த்த நல்ல படத்திறப்புகளில் மேடை இருக்காது. நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருக்கும். பேச ஐந்து பேர் போதும். அவர் நல்லவர் வல்லவர் என்று யாரும் பேசக் கூடாது, தான் கண்ணால் பார்த்த ஒரு சம்பவத்தை மட்டும் சொல்ல வேண்டும் என்று முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். என் கணவரின் படத்திறப்பில், அவர் பல வருடம் பஞ்சர் ஒட்டிய சைக்கிள் கடைக்காரர் பேசினார். மழையில் நனைந்த டியூபை இவர் தன் வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்துக் கொடுப்பாராம், ‘நீங்க ஒட்டுங்க, நான் துடைக்கிறேன்’ என்பாராம். எனக்கு அது தெரியாது. இருபத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவள், அன்று ஒரு புது ஆளைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை சரியாக வந்தது. உங்கள் அப்பாவுக்குப் பிடித்த சாப்பாடு போடுங்கள். அவர் பெயரில் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ நூலகத்துக்கோ ஏதாவது செய்யுங்கள். இளையவரை அழைத்து முதலில் பேசச் சொல்லுங்கள். அவர் செய்த சடங்கை உங்கள் பேச்சில் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள். அன்று அப்பாவுக்காக அவரும் தன்னால் முடிந்ததைத்தான் செய்தார்.

என் கணவர் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தோம். அதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் படிவம் வாங்கி, சாட்சிக் கையெழுத்தோடு கொடுத்துவைக்கலாம். ஆனால் நீங்கள் எழுதிக் கொடுத்தாலும், இறந்தபின் வீட்டார் ஃபோன் பண்ணிச் சொன்னால்தான் நடக்கும். அதனால் படிவத்தைப் பெட்டியில் பூட்டிவைக்காமல் மனைவியிடமும் இளையவரிடமும் இப்போதே பேசுங்கள். பிரேதப் பரிசோதனை ஆன உடலையும் சில தொற்றுநோய் உள்ளவர்கள் உடலையும் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. அப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்றும் பேசிவையுங்கள். கண்தானம் என்றால், இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். கண் வங்கிக்காரர் வரும்வரை இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்திவைக்க வேண்டும். இலங்கையில் பகுத்தறிவுப் பிரசாரம் செய்த ஆபிரகாம் கோவூர் 1978-இல் இறந்தபோது கண், உடல் இரண்டையும் கொடுத்ததோடு, எலும்புக்கூட்டை ஒரு பள்ளியின் அறிவியல் கூடத்துக்கு எழுதிவைத்திருந்தார். தமிழ்நாட்டில் உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதை என்று 2023-இல் அறிவிக்கப்பட்டது.

உங்கள் மைத்துனர் திருமணம் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாக. 1928-இலிருந்து சுயமரியாதைத் திருமணங்கள் நடக்கின்றன. 1967-இல் அண்ணா ஆட்சியில் வந்த சட்டத்திருத்தம் அவற்றைச் செல்லுபடியாக்கியது. உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், ஒருவரையொருவர் இணையாக ஏற்பதாகத் தமக்குப் புரிந்த மொழியில் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ போதும். புரோகிதர் தேவையில்லை. ஆனால் அது இந்துத் திருமணச் சட்டத்தின் பகுதி. நாத்திகரானாலும் சட்டத்தின் கண்ணில் இருவரும் இந்துக்களாக இருக்க வேண்டும். பெண் கிறித்தவர் என்று எழுதியிருப்பதால் அவர்களுக்கு அது பொருந்தாது, 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் வழி உண்டு. 30 நாள் முன்னறிவிப்பு, மூன்று சாட்சிகள். நாள் குறிப்பதற்கு முன் பதிவு அலுவலகத்துக்குப் போய்விட்டு வரச் சொல்லுங்கள்.

பிரமிப்பு என்று ஒன்று உண்டு, அதையும் கோயிலோடு சேர்த்து விட்டுவிடாதீர்கள். 2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணி வாக்கில் எங்கள் ஊரில் கங்கண சூரிய கிரகணம். வட்டத்தார் எல்லோரும் பிள்ளைகளோடு பள்ளி மைதானத்தில் கூடினோம். சூரியக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி “கீழ பாருங்க” என்று கத்தினாள். வேப்பமரத்தடியில், இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஒரு ஊசித்துளை ஆகி, மண்ணெல்லாம் சின்னச் சின்ன ஒளி வளையங்கள். நூற்றுக்கணக்கில். காற்று அடிக்க அடிக்க அவை ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்தன. சபரிமலைக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், நான் எல்லோரும் உள்ளங்கையை நீட்டி அந்த வளையங்களை வாங்கிக்கொண்டு நின்றோம். மூன்று நிமிடம் இருக்கும், யாரும் பேசவில்லை. பிறகு அங்கேயே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம்.

மகள் கேள்விக்கு வருகிறேன். தாத்தா சாமிகிட்ட போயிட்டார் என்று அவள் அம்மா சொன்னால் சொல்லட்டும். உங்களிடம் கேட்டால் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்: தாத்தா செத்துப்போயிட்டார், உடம்பு வேலை செய்யாமல் நின்றுபோச்சு, அவருக்கு இப்போது வலிக்காது, பசிக்காது, திரும்பி வர மாட்டார். தூங்குகிறார் என்று மட்டும் சொல்லாதீர்கள், குழந்தைகள் அதற்குப் பிறகு தூங்கப் பயப்படுவார்கள். அவள் மறுபடி கேட்பாள். திரும்பவும் அதே பதிலைச் சொல்லுங்கள், மடியில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அப்பா வளர்த்த முருங்கை கிணற்றடியில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, ஆடி பிறந்ததும் அதிலிருந்து ஒரு போத்து வெட்டி, அவளையே குழி தோண்டச் சொல்லி நடுங்கள். வெட்டிய நுனியில் சாணி அப்ப வேண்டும், இல்லையென்றால் மழையில் அழுகிவிடும். அதையும் அவளே அப்பட்டும்.